மேல் தாழ்ப்பாள்

என் அக்காவைப் பற்றிச் சொல்ல வந்தால் அவள் கையில்தான் ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது. அவளிடம் சொன்னால் கோபித்துக்கொள்வாள். எனக்குத் தலை இருக்கு, நாக்கு இருக்கு, அதையெல்லாம் விட்டுட்டு எல்லாரும் கையையே பிடிச்சுத் தொங்குறீங்க என்பாள். நாக்கு இருப்பது தெருவுக்கே தெரியும் என்பதால் அதை நான் தனியாக எழுத வேண்டியதில்லை.

அக்கா ஒரு அச்சகத்தில் பல வருஷம் பிழை திருத்தினாள். முதலில் பேனா நழுவியது. பிறகு மணிக்கட்டு வீங்கியது, தோள் தூக்க முடியாமல் போனது, முட்டி மடங்க மறுத்தது. முடக்குவாதம் என்று டாக்டர் பெயர் வைத்த நாளில், பெயர் வைக்க இத்தனை நாளா என்று கேட்டுவிட்டு வந்தவள் அவள். காலையில் எழுந்தால் விரல் மடங்காது. வெந்நீரில் முக்கி ஒவ்வொன்றாக நீவிவிட்டு, அவை மனது வைத்த பிறகுதான் டம்ளரைப் பிடிக்க முடியும். அவளுக்குக் கொடுக்கிற மாத்திரை வீக்கத்தோடு சேர்த்து உடம்பின் எதிர்ப்பு சக்தியையும் அடக்கிவிடுமாம். அதனால் மண்ணில் கை வைக்கவே கூடாது, ஒரு முள் குத்தினாலும் சீழ் பிடிக்கும் என்றார் டாக்டர். அக்கா சமர்த்தாகத் தலையாட்டிவிட்டு, நேராக மாடியேறி என்னிடம் வந்து முழங்கை வரைக்கும் கையுறை தைக்கச் சொன்னாள்.

நான் தையல்காரி. மாடியில் நானும் என் தையல் மிஷினும். கீழே அக்காவும் அத்தானும். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. ஆகவே ஒருவரைப் பற்றி ஒருவர் கவலைப்பட அவர்களுக்கு நேரம் தாராளமாக இருந்தது.

அத்தான் ஒரு பட்டறையில் லேத் ஓட்டுபவர். இரும்பைச் சுழலவிட்டுச் சீவுகிற அந்த வேலையில் அரை நூல் அளவு பிசகினாலும் சாமான் குப்பைக்குப் போகும். வீட்டிலும் அப்படித்தான். படம் மாட்டினால் மட்டக்கோல் வைத்துப் பார்ப்பார். அதனால் அவருக்கு நான் வைத்த பெயர் அரை நூல் அத்தான். முகத்துக்கு நேராகவே சொல்வேன், சிரிப்பார்.

அக்காவுக்கு வேலையை விட வேண்டி வந்தபோது மிஞ்சியது கொல்லைப்புறம்தான். தக்காளி, அவரை, மிளகாய், புதினா, கோபக்கார ரோஜா ஒன்று. கை போகப் போக அத்தான் கருவிகளை மாற்றிக்கொண்டே வந்தார். குனிய முடியவில்லை என்றதும் உடைந்த சிமெண்ட் தொட்டிகளைச் செங்கல் அடுக்கின் மேல் ஏற்றி, பாத்திகளை இடுப்பு உயரத்துக்குக் கொண்டுவந்தார். தரையில் விதை போட ஒரு பிளாஸ்டிக் குழாய். மேலே விதையைப் போட்டால் உருண்டு போய்க் குழியில் விழும். தண்ணீர்க் குழாயில் திருகுகிற பிடியை எடுத்துவிட்டு, முழங்கையால் தள்ளினால் திறக்கிற மாதிரி வைத்தார். பூவாளியைத் தூக்க முடியாமல் போனதும் மூக்கு நீண்ட கெட்டில் வந்தது, அதுவும் பாதிதான் நிரப்ப வேண்டும். களைக்கொத்திக்கு ஆள் உயரத்தில் அலுமினியக் குழாயில் காம்பு. உட்கார்ந்து நகர, சக்கரம் வைத்த ஸ்டூல். அது உருள்வதற்காக ஒரு சிமெண்ட் பாதை, மட்டக்கோல் வைத்துப் போட்டது என்று சொல்லத் தேவையில்லை.

எல்லாவற்றிலும் அவர் பெருமைப்பட்டது ஒரு மண் கரண்டி. அக்காவின் உள்ளங்கையில் ஈரக் களிமண்ணை வைத்து இறுக்கிப் பிடிக்கச் சொல்லி, அந்த அச்சைப் பார்த்து மரத்தில் பிடி கடைந்திருந்தார். விரலுக்கு விரல் பள்ளம். நானே அசந்து போனேன். ஆனால் அவர் அச்சு எடுத்தது அக்காவின் கை சொன்னபடி கேட்ட ஒரு நல்ல நாளில். வீங்கிய நாளில் அந்தப் பள்ளங்களில் அவள் விரல் உட்காரவே இல்லை, பள்ளத்து ஓரங்கள் குத்தின. அவள் அதைச் சொல்லாமல், ஒரு சாதாரணக் குச்சியில் பழைய சைக்கிள் ட்யூபைச் சுற்றிக்கொண்டு ரகசியமாக வேலை செய்தாள். அத்தான் கண்டுபிடித்தபோது, மறுபடி களிமண் கொண்டுவரட்டுமா என்று கேட்டார். எந்த நாள் கைக்கு என்று அக்கா கேட்டாள். இரும்பு நேற்றைக்கு ஒரு அளவு இன்றைக்கு ஒரு அளவு என்று மாறாது, பாவம் மனுஷனுக்கு அதுதான் பழக்கம்.

வேலை செய்கிற விதத்தையும் அக்கா மாற்றிக்கொண்டாள். கொஞ்சம் வலது கை, கொஞ்சம் இடது கை, பிறகு இரண்டையும் மடியில் போட்டுக்கொண்டு சும்மா பார்த்துக்கொண்டிருப்பது. வலிக்கிற நாளில் நிறுத்துவது சுலபம். நல்ல நாளில் நிறுத்துவதுதான் அவளுக்குக் கொடுமை. இன்னும் ஒரு தொட்டி, இன்னும் ஒரு செடி என்று ஆசைப்பட்டால் அடுத்த இரண்டு மூன்று நாள் படுக்கைதான். கை சரியாக இருக்கும்போதே, ஆசை தீராமலே, கருவியைக் கீழே வைக்கக் கற்றுக்கொள்ள அவளுக்கு ஒரு வருஷம் ஆனது.

இவ்வளவு பாடும் தக்காளிக்காக என்று யாராவது நினைத்தால் அவர்களுக்கு என் அக்காவைத் தெரியாது. வீட்டுக்குள் அவளுக்கு எல்லாமே இன்னொருவர் கை. தலை வார நான், பித்தான் போட அத்தான், மாத்திரை அட்டையை உடைக்க யாராவது. கொல்லைப்புறம் மட்டும்தான் யாரும் அவளைக் கைத்தாங்கலாகப் பிடிக்காத இடம். அங்கே தனியாகப் போக வேண்டும், தனியாக இருக்க வேண்டும், தனியாகத் திரும்ப வேண்டும். அவள் கேட்டது அது ஒன்றைத்தான்.

ஒரு நாள் விழுந்துவிட்டாள். ஸ்டூலின் சக்கரம் பாதையை விட்டு இறங்கி, சாய்ந்து, அவரைக் கொடிக்குள் போய் விழுந்தாள். அன்றைக்குப் பார்த்து நான் துணி எடுக்கப் போயிருந்தேன். அவள் போன் சமையலறையில் கிடந்தது. விழுந்தவளுக்குத் தானாக எழுந்திருக்கத் தோள் ஒத்துழைக்கவில்லை. மத்தியானம் விழுந்தவள், அத்தான் வேலை முடிந்து வரும்வரை அப்படியே கிடந்திருக்கிறாள். எலும்பு எதுவும் முறியவில்லை. அத்தானும் நானும் வெளிறிப்போய் நிற்க, அவள் மட்டும் அவரை இலைகளின் அடிப்பக்கம் முழுக்கப் பூச்சி முட்டை இருப்பதாகவும், படுத்துப் பார்த்தால்தான் தெரிகிறது என்றும் சொல்லிக்கொண்டிருந்தாள். பிழை திருத்திய புத்தி எங்கே போகும்.

அத்தான் அன்று சாப்பிடவில்லை. மறுநாள் சாயங்காலம் ஒரு திருப்புளியோடு பின்கதவருகில் ஏதோ செய்துகொண்டிருந்தார். கீழே இருந்த தாழ்ப்பாள் துருப்பிடித்துவிட்டது, மாற்றுகிறேன் என்றார். மாற்றினார். புதிய தாழ்ப்பாளை அவர் தலைக்கு மேலே வைத்தார்.

அக்காவின் கை தோளுக்கு மேலே போகாது. அது அவருக்குத் தெரியும் என்பது அவளுக்கும் தெரியும். சின்னக் குழந்தை இருக்கிற வீட்டில்தான் அப்படி உயரத்தில் தாழ்ப்பாள் வைப்பார்கள்.

நான் சும்மா இருக்கவில்லை. மாடியில்தானே இருக்கிறேன், பார்த்துக்கொள்கிறேன் என்றேன். உன் மிஷின் சத்தத்தில் உனக்கு எது கேட்கும் என்றார் அத்தான். அக்காவும் என்னை விடவில்லை. நீ ஜன்னலில் நின்று கண்காணித்தால் அது தோட்டமா, ஆஸ்பத்திரி வார்டா என்றாள். கழுத்தில் போனைத் தொங்கவிட ஒரு பை தைத்துக் கொடுத்தேன். மயக்கம் போட்டு விழுந்தால் போனை யார் எடுப்பது என்றார் அவர். எதைச் சொன்னாலும் அதற்கு மேல் ஒரு பயம் அவரிடம் தயாராக இருந்தது. எனக்கு அவர் மேல் வந்த கோபத்தில் ஒரு ரவிக்கையின் கையை மாற்றித் தைத்துவிட்டேன்.

அதன் பிறகு அக்கா பகலெல்லாம் சமையலறை ஜன்னல் கம்பி வழியாகத் தன் செடிகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அத்தான் சாயங்காலம் வந்து கதவைத் திறந்து, அவளை ஸ்டூலில் உட்காரவைத்து, பக்கத்திலேயே நிற்பார். அவள் களைக்கொத்தியை இரண்டு தரம் இழுத்தால் போதும் போதும் என்பார். தண்ணீரை அவரே ஊற்றுவார், தீ அணைப்பவர் மாதிரி. கைதியை வெயில் காட்டக் கூட்டிப்போவதுபோல இருக்கிறது என்று அக்கா என்னிடம் சொன்னாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள், எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நானும் இருக்கும்போது, அவரிடம் நேராகவே கேட்டுவிட்டாள்.

"தாழ்ப்பாளைக் கீழே இறக்குங்க."

"மறுபடி விழுந்தா?"

"விழுந்தா கிடக்கிறேன். நீங்க வந்து தூக்குங்க. அன்னிக்கும் அப்படித்தானே நடந்துச்சு."

அத்தான் இடது கையை மேஜை மேல் வைத்து, கட்டைவிரலில் இருந்த துணிக்கட்டைப் பிரித்தார். சும்மா கீறல் என்று எங்களிடம் சொல்லியிருந்த காயம். நகத்தில் பாதி இல்லை.

"லேத் ஓடும்போது வேற நினைப்பு வரக் கூடாது. நீ விழுந்த அடுத்த நாள், நீ எங்கே இருக்கேன்னு ஒரு நிமிஷம் நினைச்சேன். அந்த ஒரு நிமிஷம்தான் இது. கதவு பூட்டியிருக்குன்னு தெரிஞ்சாத்தான் நான் மெஷின்கிட்ட நிக்க முடியும்."

அக்கா அந்த விரலைத் தன் கோணல் விரல்களால் தொட்டுப் பார்த்தாள். அதற்கு மேல் அவள் எதுவும் கேட்கவில்லை. அத்தனை நாளும் அவர்மேல் வைத்திருந்த கோபத்தை எங்கே கொண்டு போய் வைப்பது என்று எனக்கும் தெரியவில்லை. அவர் விரல் போனால் போகட்டும் என்று யார் சொல்ல முடியும்.

ஆனால் அக்கா அடங்குகிற பிறவி இல்லை. கொஞ்ச நாள் கழித்து ஒரு முற்பகலில், நூல் கோக்க ஜன்னல் வெளிச்சத்துக்கு வந்தவள் கீழே பார்த்தேன். அவள் கொல்லைப்புறத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். வீட்டில் வேறு யாரும் இல்லை. எப்படித் திறந்தாள் என்று இறங்கிப் போய்ப் பார்த்தபோது, கதவில் களைக்கொத்தி சாய்ந்திருந்தது. கையைத் தோளுக்கு மேலே உயர்த்தாமலே ஆள் உயரக் காம்பைத் தூக்கி, தகட்டின் மூலையைத் தாழ்ப்பாளின் குமிழில் மாட்டி, தள்ளித் தள்ளித் திறந்திருக்கிறாள்.

சபாஷ் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அவள் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டேன். வியர்த்துக் கொட்டியிருந்தது. இரண்டு கையும் மடியில் கிடந்தன, மணிக்கட்டு புசுபுசுவென்று வீங்கியிருந்தது. தக்காளிக்கு அடியில் களை மண்டிக் கிடந்தது. அவள் ஒன்றைக்கூடப் பிடுங்கவில்லை.

"கை அவ்வளவுதான். கதவைத் திறக்கறதுக்கே சரியாப் போச்சு. இன்னும் திரும்பிப் போய்ப் போடணும்."

அவர் வருவதற்குள் தாழ்ப்பாளைப் பழையபடி போட்டுவைக்க வேண்டுமே, அதைச் சொன்னாள். திறப்பதைவிட மூடுவது கஷ்டமாம். நான் போடுகிறேன் என்றேன். வேண்டாம் என்றாள், அந்தக் குரலுக்கு மறுத்துப் பேசிப் பழக்கமில்லை எனக்கு. அதன் பிறகும் பல நாள் அவள் அப்படி வெளியே போனாள். ஒரு நாளைக்கு அவளுக்குக் கிடைக்கிற கொஞ்சம் பலத்தில் பாதி கதவைத் திறக்க, பாதி மூட. நடுவில் செடிகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஜன்னலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து பார்த்ததையே இந்தப் பக்கத்திலிருந்தும் பார்த்தாள்.

அரை நூல் அத்தானின் கண்ணில் கதவுப் பெயிண்டில் விழுந்த கீறல் படாமலா இருக்கும். எந்தக் கருவியின் எந்த முனை என்றுகூட அவருக்குத் தெரிந்திருக்கும். அவர் சத்தம் போடவில்லை. களைக்கொத்தியை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனார். சாயங்காலம் திருப்பிக் கொண்டுவந்தபோது அதன் காம்பின் மறுமுனையில் ஒரு சின்னக் கொக்கி இருந்தது. உள்ளே ரப்பர் பதித்து, தாழ்ப்பாளின் குமிழுக்கு அச்சாகப் பொருந்துகிற கொக்கி. மாட்டி லேசாக இழுத்தால் போதும், கையே வலிக்காது என்று அக்காவுக்குச் செய்தும் காட்டினார். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

தாழ்ப்பாளை இறக்க அவருக்கு மனம் வரவில்லை. அதைத் திறக்கக் கருவி செய்ய வந்தது. நான் கையில் இருந்த துணியை வாயில் வைத்துக்கொண்டு சிரிப்பை அடக்கினேன். அக்கா சிரிக்கவில்லை. கொக்கியை வாங்கித் தடவிப் பார்த்தாள், நன்றாக இருக்கிறது என்றாள், பிறகு சுவரோரம் சாய்த்து வைத்தாள்.

"இத்தனை வருஷமா நீங்க செஞ்சு கொடுத்ததெல்லாம் செடிகிட்ட போறதுக்கு. இது பூட்டின வீட்டை விட்டுத் தப்பிச்சுப் போறதுக்கு. இதை நான் கையால தொட மாட்டேன்."

அவள் அழுதாள். நோய் வந்த நாளிலிருந்து அவள் அழுது நான் பார்த்ததில்லை. அத்தான் கொக்கியையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு திருப்புளியை எடுத்துவந்து தாழ்ப்பாளைக் கழற்றி, அக்காவின் இடுப்பு உயரத்தில், அவள் விரலை மடக்காமல் புறங்கையால் தள்ளினாலே திறக்கிற மாதிரி வைத்தார். அன்றைக்கு மட்டக்கோல் வைக்கவில்லை.

அடுத்த நாளிலிருந்து அக்கா தனியாகத் தோட்டத்துக்குப் போனாள். களைகள் ஒழிந்தன. மிளகாய்க்கு மண் அணைத்தாள். என்னை மாடியிலிருந்து கூப்பிட்டு, என் ஜன்னலில் தொங்குகிற நூல் கண்டெல்லாம் அசிங்கமாக இருக்கிறது என்று சொல்கிற அளவுக்குப் பழைய நாக்கும் திரும்பியது. எனக்கு நிம்மதியாக இருந்தது.

இரண்டு வாரம்கூட அது நிலைக்கவில்லை. பட்டறையில் அத்தானோடு வேலை செய்கிற வெல்டர் தன் மகள் துணியைத் தைக்கக் கொடுக்க வந்தவர், பேச்சுவாக்கில் சொன்னார். அத்தான் லேத்தை விட்டுவிட்டாராம். வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டு, சாமான் அறையில் உட்கார்ந்து ஆணியும் நட்டும் எடுத்துக் கொடுக்கிறாராம். கேட்டதற்கு, அங்கே உட்கார்ந்தால் எதை நினைத்தாலும் விரலுக்கு ஆபத்தில்லை என்று சொன்னாராம். அத்தனை வருஷம் அவர் கை பட்ட மெஷின் அது. அடுத்தவன் ஓட்டுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே பகலெல்லாம் உட்கார்ந்திருக்கிறார்.

அக்காவும் அப்போது என் அறையில்தான் இருந்தாள். வெல்டர் போன பிறகு, அவரிடம் இதைக் கேட்காதே என்று மட்டும் என்னிடம் சொன்னாள். அவளும் கேட்கவில்லை.

ஆனால் அன்றிலிருந்து அவள் ஒரு நாள்கூடத் தோட்டத்துக்குப் போகாமல் இருந்ததில்லை. அவள் பாடுபட்டுக் கற்றுக்கொண்ட நிறுத்துகிற வித்தையெல்லாம் போயிற்று. ஜுரம் அடிக்கும் நாளிலும் போனாள். கால் ஊன்ற முடியாத நாளில் சுவரைப் பிடித்துக்கொண்டு போனாள். படுத்துக்கொள்ளேன் என்றேன். அவர் மெஷினை விட்டுட்டு வந்து, நான் படுத்துக்கிடந்தா நல்லாவா இருக்கும் என்றாள். சாயங்காலம் அத்தான் வந்ததும் முதலில் கேட்பது, இன்றைக்கு என்ன செய்தாய் என்பதுதான். அவருக்கு அந்த நாள் முழுவதற்கும் அது ஒன்றுதான் கூலி. அதனால் அவளிடம் தினமும் ஒரு பதில் இருந்தாக வேண்டும்.

போன வாரம் ஒரு நாள் அவள் கை மிக மோசமாக இருந்தது. காலையிலிருந்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள், கையுறையைக்கூடப் போட முடியவில்லை. வெயில் ஏறியபோது உள்ளே வா என்று நான் கூப்பிட்டேன், வரவில்லை. அத்தான் வரும் நேரத்துக்குத்தான் சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தாள், நானும் கீழேதான் இருந்தேன். சாயங்காலம் அத்தான் வந்து முகம் கழுவப் போகிற வழியில் வழக்கம்போலக் கேட்டார்.

"அவரைக்குக் கொம்பு நட்டேன்" என்றாள் அக்கா.

கொம்புகள் கட்டாகக் கட்டியபடி கொல்லைச் சுவரோரம் கிடந்தன. அவள் என்னைப் பார்த்தாள். நான் கொல்லைப்புறம் ஓடினேன். அவர் முகம் கழுவித் துடைப்பதற்குள், ஒரு செங்கல்லை எடுத்து ஓங்கி ஓங்கி அடித்து வரிசையாக நட்டு முடித்தேன். மூச்சு வாங்க நான் கையைத் துடைத்துக்கொண்டு நிற்க, அவர் அக்காவைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு வந்தார்.

ஒரு கொம்பைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். அது அசையவில்லை. அடுத்ததையும் ஆட்டினார். பிறகு என் கையில் ஒட்டியிருந்த செங்கல் பொடியைப் பார்த்தார்.

"நல்லா இறுக்கமா நட்டிருக்கே" என்றார் அக்காவிடம்.

"கை இன்னிக்குப் பரவாயில்லை" என்றாள் அவள்.

அவர் தலையாட்டினார். நாளைக்கு என்ன செய்யப்போகிறாய் என்று கேட்டார். கொடியை எடுத்துக் கயிற்றால் கட்ட வேண்டும் என்றாள். மறுநாள் அவர் வருவதற்கு முன்பே நான் இறங்கிப் போய்க் கட்டிவைத்தேன்.